முழங்கைக்குச் சற்று மேலே

அப்போது கிள்ளானில் லொங்காங்குக்கு மூடி கிடையாது. கடைவரிசைக்கு முன்னால், பள்ளிக்கூட வேலிக்கு வெளியே, கோயில் சுவரை ஒட்டி, எங்கள் பலகை வீட்டுக் கதவைத் திறந்த மாத்திரத்தில் என்று எங்கே திரும்பினாலும் திறந்த வடிகால்தான். சில இடங்களில் அரையடி ஆழம், சில இடங்களில் ஆள் ஆழம். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு கொட்டும் மழைக்கு அந்த ஊர் செய்து வைத்திருந்த ஏற்பாடு அது. பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு. ஓடிவந்து தாண்டுவோம், கப்பி மீன் பிடித்துப் போத்தலில் விடுவோம், ஒற்றைச் செருப்பை மிதக்கவிட்டு அடுத்த சந்தில் போய் எடுப்போம். அப்பா ஒருகாலத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரே எட்டில் அதைத் தாண்டுவார். அதே மனிதர் பிறகு வாசற்படிக்கு வெளியே கால் வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அவர் ஒரு தோட்டத்தில் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். வெட்டுக்காட்டிலிருந்து வரும் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, பார்மிக் ஆசிட் விட்டு உறைய வைப்பார்கள். ஒரு காலை, ஆசிட்டை வாளிக்கு மாற்றும்போது அடைப்பு பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்தது. ஆசிட் பட்ட கண்ணை அந்த நிமிடமே, அதே இடத்திலேயே, ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் விடாமல் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரி அதற்குப் பிறகுதான். இன்று பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துச் சுவரில்கூட அதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அன்று ஸ்டோரில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. முதலில் ஆளை லோரியில் ஏற்றினார்கள். கட்டு அவிழ்த்தபோது இரண்டு கருவிழியும் வெளுத்திருந்தன. இடது கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். வெளிச்சத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது.

லயன் வீடு வேலைக்கான வீடு. வேலை போனால் வீடும் போகும். சட்டி பானை, டிரங்குப் பெட்டி, சாமிப் படங்களோடு கிள்ளான் டவுனுக்கு வந்து சேர்ந்தோம். இப்போது லிட்டில் இந்தியா என்று வண்ண விளக்குப் போட்டிருக்கும் தெங்கு கிளானா சாலைக்குக் கொஞ்சம் தள்ளி, தகரக் கூரை போட்ட வரிசையில் ஓர் அறை. அம்மா ஒரு பூக்கடையில் மாலை கட்டப் போனாள். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லோரியில் கிளீனராகப் போனான். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்தார்.

பார்த்து என்று எழுதுகிறேன், வேறு எப்படிச் சொல்வது? முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கிடப்பார். மங்கில் சோற்றைப் போட்டு அருகே வைத்தால் சாயங்காலம் அது அப்படியே இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "கண்ணு வந்துரும்ணே, மெட்ராஸ்ல பெரிய டாக்டரு இருக்காராம்." "ஒண்ணும் கவலப்படாதீங்க, எல்லாம் சரியாப் போயிரும்." நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் ஆறுதல் என்ற பெயரில் அப்பாவிடம் எல்லோரும் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பதுதான் உண்மை. அம்மா வளையலை அடகு வைத்ததைச் சொல்லவில்லை. அண்ணன் பள்ளிக்குப் போவதாகவே அவர் நினைக்கட்டும் என்று இரவில் அவன் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் காட்டினான். கண்ணில்லாத மனிதருக்குக் காது இருக்கிறது என்பது எங்களுக்கு ஏனோ தோன்றவில்லை. அம்மா கையில் வளையல் சத்தம் நின்று போனதை முதல் நாளே அவர் கவனித்துவிட்டார். தனக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டதையும் அதிலிருந்தே தெரிந்துகொண்டார்.

ஒரு நாள் அம்மா வீட்டிலிருந்த சில சாமான்களைத் துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இரு" என்றாள். என்னவென்று எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. இதை யாரிடமாவது சொல்லி உதவி கேட்கலாம் என்று அந்த அக்கா சொன்னபோது இன்னொருத்தி வாயைப் பொத்தினாள்: "வெளிய சொல்லாத, போலீசு வந்து உள்ள தள்ளிரும்." அது வெறும் வதந்தியில்லை. உயிரை விட முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் போடலாம் என்று தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2023இல்தான் அதை மலேசியா நீக்கியது. உடைந்து கிடப்பவனைக் குற்றவாளி என்று அழைத்தால் அவன் வீட்டார் வாய் திறப்பார்களா? கோலாலம்பூரில் 1970இலிருந்து பிஃப்ரெண்டர்ஸ் என்ற அமைப்பு தொலைபேசியில் இப்படிப்பட்டவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பது எங்கள் வரிசையில் எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எங்கள் வரிசையில் போன் கிடையாது.

வழி ரயில்வே மூலம் வந்தது. அப்பாவுக்குச் சித்தப்பா முறையான ஒருவர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார். பார்க்க வந்தவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "நம்ம வூட்டு வாசல்ல தெனமும் குருட்டு ஆளுங்க வேலைக்குப் போறாங்கடா. கோப்பி குடிச்சிட்டு, சிகரெட்டு பிடிச்சிட்டு, பஸ் ஏறிப் போறாங்க. நீ ஏண்டா இங்க கெடக்குற?" என்றார். அம்மாவுக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. அப்பா மட்டும் தலையைத் திருப்பி, "எங்க போறாங்க?" என்று கேட்டார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி அது.

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு வேலை, அண்ணனுக்கு லோரி. அப்பாவுக்குத் துணையாக என்னை அனுப்பினார்கள். பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார். கோலாலம்பூர் கிள்ளான் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நான் செய்த காரியம், அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கரகரவென்று இழுத்துக்கொண்டு போனது. ஆள் கூட்டம், மினி பஸ் ஹாரன், கண்டக்டர்களின் கூச்சல். இழுக்க இழுக்க அவர் பின்னால் சாய்ந்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தால் மாடு முன்னங்காலை ஊன்றி நிற்குமே, அப்படி.

ரயில்வே குவார்ட்டர்ஸ் என்றால் பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு நூறு குவார்ட்டர்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வே ஊழியர்களுக்காகக் கட்டிய மாடிவீட்டு வரிசைகள். இன்று அவை இல்லை, இடித்துவிட்டார்கள். ரொசாரியோ சாலைப் பக்கம் போனால் எனக்கு இப்போதும் திசை குழம்புகிறது. ஒரு வீட்டில் தஞ்சாவூர்க்காரர், பக்கத்தில் மலையாளி, அதற்கடுத்து யாழ்ப்பாணத்துக் கிளார்க்கு ஐயா. அவருடைய தாயார் எந்நேரமும் வாசலில் இருப்பார். "என்ன பிள்ளை, அப்பா சாப்பிட்டவரோ?" என்று என்னைக் கேட்பார், பதிலுக்குக் காத்திராமல் ஒரு தட்டில் பிட்டு வந்துவிடும். பிரதான சாலைக்கு அப்போது பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்று பெயர். துன் சம்பந்தன் சாலை ஆனது பிறகு. 1904இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம், ஸ்காட் சாலையில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில், புத்த விகாரை, பாத்திமா மாதா கோயில், லிடோ தியேட்டர் எல்லாமே நடந்து போகிற தூரத்தில். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ரயில் யார்டு. இரவு முழுக்க ஷண்டிங் நடக்கும். இன்று கே.எல். சென்ட்ரல் நிற்கிற இடம்தான் அது.

சித்தப்பா தாத்தா சொன்னது பொய்யில்லை. காலை ஏழு மணிக்கு வெள்ளைத் தடி தட்டும் சத்தம் சந்து முனையில் கேட்க ஆரம்பிக்கும். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்ற ஹைகமிஷனர் ஹென்றி கர்னியின் பெயரில் அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தினார்கள். பிரம்பு பின்னுவார்கள், டெலிபோன் போர்டு இயக்கப் பழகுவார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் சேர்ந்து வருவார்கள், சத்தமாகச் சிரித்துக்கொண்டு வருவார்கள். குருடர்கள் சிரிப்பார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கேவலமான நினைப்பாகத் தோன்றலாம், பத்து வயதில் எனக்குத் தெரிந்த ஒரே குருடர் சிரிக்காதவர்.

பினாங்கு மாமா அந்தக் கூட்டத்தில் ஒருவர். பெயரை எழுதப் போவதில்லை; எல்லோரும் அவரைப் பினாங்கு என்றே கூப்பிட்டார்கள். சின்ன வயதில் மணல்வாரி போட்டுக் கண் போனவர். பினாங்கில் செயிண்ட் நிக்கலஸ் இல்லத்தில் படித்தவர். அந்த இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கிப் பிறகு பினாங்குக்கு மாறியது. இவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் டெலிபோன் ஆப்பரேட்டர். சித்தப்பா தாத்தா கூப்பிட்டு விட, ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தார். அப்பா பின்பக்கத்து நடையில் உட்கார்ந்திருந்தார். மாமா வந்தார், பக்கத்தில் உட்கார்ந்தார், சிகரெட்டைப் பற்ற வைத்தார். கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை.

"அண்ணே, செருப்பு போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"காலுக்குக் கீழ என்ன இருக்கு?"

"தரை."

"தரைன்னா? சிமெண்டா, செங்கல்லா?"

அப்பாவின் கால்விரல்கள் அசைந்ததை நான் பார்த்தேன். "செங்கல்லு. நடுவுல ஒண்ணு பேந்திருக்கு. ஓரத்துல பாசி."

"காத்து எங்கேர்ந்து வருது?"

"எடப்பக்கம்."

"என்ன வாசம்?"

"மீன் பொரிக்கிறாங்க. அடுத்த வூட்டுக்கு அடுத்த வூடு."

"இப்ப போன ரயிலு?"

"கூட்ஸு." கொஞ்சம் பொறுத்து, "காலி வண்டி" என்றார். "லோடு இருந்தா சத்தம் கனமா இருக்கும்."

அவ்வளவுதான் அன்றைக்கு. மாமா எழுந்து போய்விட்டார். மறுநாள் அதே நேரம், அதே கேள்விகள், வேறொரு இடத்தில் நின்றுகொண்டு. ஒரு நாள் செங்கல்லைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாமா பழைய கதை சொன்னார். 1881இல் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்தது, அதே வருடம் வெள்ளத்திலும் முங்கியது, அத்தாப்பும் பலகையுமாக இருந்த ஊரை இனிச் செங்கல்லில் கட்டு என்று பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவு போட்டார், கேப்பிட்டன் யாப் ஆ லோய் இந்தப் பக்கத்து மண்ணை எடுத்துச் சூளை போட்டார், அதனால்தான் பிரிக்பீல்ட்ஸ். மாமா அதை ரசித்துச் சொன்னார். அப்பா கேட்டுவிட்டு, "களிமண்ணா?" என்றார். "ஆமாண்ணே." "அதான் மழை பெஞ்சா வழுக்குது." கதையிலிருந்து அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பிற்காலத்தில் நான் ஆசிரியராக இருந்தபோது, பதற்றத்தில் மூச்சு முட்டும் பிள்ளைகளை எப்படிக் கையாள்வது என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லச் சொல், தொட முடிகிற நான்கு, காதில் விழும் மூன்று, மூக்குக்குத் தெரியும் இரண்டு, நாக்குக்கு ஒன்று. நேற்றையும் நாளையையும் சுற்றிக்கொண்டிருக்கும் மனதை இப்போது நிற்கிற தரைக்குக் கொண்டுவரும் வழி என்றார் பயிற்சியாளர். எனக்கு அந்தச் செங்கல் நடைதான் கண்ணில் வந்தது. மாமாவின் கணக்கு நான்கிலிருந்து தொடங்கியது, வேறு வித்தியாசமில்லை.

நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. மாமாவுக்குக் கொஞ்சம் கண் தெரியும் என்று அப்பா ரகசியமாக நினைத்தார். சோதிக்கிற மாதிரி ஒரு நாள் சத்தமில்லாமல் சிகரெட்டை நீட்டினார். மாமா வாங்கவில்லை. அப்பா அந்தக் கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகு இறக்கிக்கொண்டார். அதிலிருந்து மாமாவின் பேச்சைக் கூர்ந்து கேட்க ஆரம்பித்தார். மாமா மூன்று படி என்றால் மூன்று படி இருக்கும். "இந்த லொங்காங் அகலம், எட்டிப் போட்டாலும் விழுவீங்க, சுத்திப் போங்க" என்றால் அது அப்படித்தான் இருக்கும். தெரியாததைத் தெரியாது என்பார். "கண்ணு திரும்ப வருமா?" என்று அப்பா கேட்டதற்கு, "டாக்டரு வராதுன்னா வராதுண்ணே" என்றார். நான் உள்ளே ஓடிப்போய்விட்டேன், அப்பா இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று பயந்து. மறுநாள் சாயங்காலம் அப்பா மாமாவுக்கு முன்னாலேயே நடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல வார்த்தை சொல்ல நூறு பேர் இருந்தார்கள். படிக்கட்டைச் சரியாக எண்ணிச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வந்தாள். அப்பா கேட்டார்: "வளையல் எங்க?"

அம்மா பேசவில்லை.

"சத்தமே இல்லையேன்னு கேக்குறேன்."

அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அடகு, வாடகை பாக்கி, அண்ணன் பள்ளியை விட்டது, கடையில் முன்பணம் வாங்கியது. அப்பா அழுதார். விபத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். பிறகு, "சீட்டக் குடு" என்று கை நீட்டினார். அடகுச் சீட்டை விரலால் தடவிப் பார்த்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை மீட்கும்வரை அது அந்தப் பையிலேயே இருந்தது. குடும்பத்தின் கடன் அவர் பைக்குத் திரும்பி வந்ததும் ஆள் கொஞ்சம் நிமிர்ந்தார் என்றே சொல்வேன். கஷ்டத்தை மறைப்பது அன்பு என்று நம் வீடுகளில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

தடி வந்தது. முன்பெல்லாம் குருடர் கையில் இருந்தது ஊன்றுகோல் உயரம்தான். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுத்த ரிச்சர்டு ஹூவர் என்பவர் 1944இல் தடியை நெஞ்சு உயரத்துக்கு நீட்டினார். வலது கால் முன்னே போகும்போது தடி நுனி இடப்பக்கம் தட்ட வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழப்போகிற இடத்தைத் தடி முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிடுகிறது. "என்னைய நம்பாதீங்கண்ணே, தடிய நம்புங்க. தடி பொய் சொன்னா வந்து என்னைய அடிங்க" என்பார் மாமா. அப்பா சந்தில் போய் வந்து போய் வந்து பழகினார். யாழ்ப்பாணத்துப் பாட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வலது, இடது, ஐயோ தம்பி, சுவர்" என்று தன் பங்குக்கு உதவி செய்தார். மாமா அவரிடம் வணக்கமாகச் சொன்னார்: "அம்மா, அவரு இடிச்சுக்கட்டும். இடிச்சாத்தான் சுவரு எங்கன்னு தெரியும்."

எனக்கும் பாடம் நடந்தது. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கண் தெரிந்தவர் முன்னால் நிற்க வேண்டும், தெரியாதவர் நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டுப் பின்னால் வருவார். நம் உடம்பு இறங்கினால் படி இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் குள்ளம் என்பதால் அப்பா தோளைப் பிடித்தார். அதில் மாமாவுக்குத் திருப்தியில்லை. ஒரு நாள் அப்பாவின் துண்டை வாங்கி என் கண்ணைக் கட்டிவிட்டார். "இன்னிக்கு அப்பா கூட்டிட்டுப் போவாரு. சந்து முனை ஒட்டுக்கடை வரைக்கும். வடை வாங்கித் திரும்பி வாங்க."

அலறி அழுது துண்டைப் பிய்த்து எறிந்தேன். யாரும் திட்டவில்லை. மறுநாள் மறுபடி துண்டு. இந்தமுறை அப்பா குனிந்து என் காதருகே, "பாப்பா, நான் சொல்றப்ப மட்டும் காலெடுத்து வை" என்றார். தடி தட்டும் சத்தம், அவர் சட்டையில் வியர்வையும் சிகரெட்டுமான வாசம், என் விரலுக்குள் அவர் முழங்கை. "படி. ரெண்டு. இப்ப சமதரை. சைக்கிள் நிக்குது, என் பக்கம் ஒட்டி வா." கொஞ்சம் தள்ளி நின்றார். தண்ணீர் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. "லொங்காங். நீ தினமும் தாண்டுறதவிட சின்னது. ம், இப்ப." தாண்டினேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுக் காசு வாங்கவில்லை. அப்பா வலுக்கட்டாயமாக இருபது காசை மேஜையில் வைத்துவிட்டு வந்தார். திரும்பும் வழியில் என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ கேட்டார், சாதாரணமாக, முன்பு சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோகும்போது கேட்பதைப் போல.

கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். முடியவில்லை. விடுமுறை தீர்ந்து கிள்ளானுக்கு வந்தோம், பயிற்சி நிலையத்தில் சேர மனுப் போட்டுவிட்டு. பிரிக்பீல்ட்ஸ் சந்து வேறு, கிள்ளான் கடைத்தெரு வேறு. முதல் வாரமே, எவரோ நகர்த்தி வைத்த பூக்கடை வாளிகளைச் சுற்றப் போய் அப்பா பெரிய லொங்காங்கில் விழுந்தார். முழங்கால் கிழிந்து, தடி வளைந்து, சேற்றோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்டம் கூடி "பாவம், பாவம்" என்றது. காயம் ஆறிவிட்டது, அந்தப் பாவம் ஆறவில்லை. மறுபடி சுவர். மறுபடி அப்படியே இருக்கும் சோறு. அம்மா மறுபடி அந்தத் துணி மூட்டையைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஆனால் இந்தமுறை அவரிடமே சொல்லிவிட்டுக் கொண்டுபோனாள். "எனக்கு பயமா இருக்குங்க. எடுத்துட்டுப் போறேன்." அப்பா "ம்" என்றார். அந்த "ம்" எவ்வளவு பெரியது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா தாத்தா மூலம் சேதி போயிருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை, நல்ல மழை, வாசலில் தடி தட்டும் சத்தம். பினாங்கு மாமா. கோலாலம்பூரிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, கேட்டுக் கேட்டுத் தனியாக வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு, உள்ளங்கையில் சிராய்ப்பு. உள்ளே வந்து, "அண்ணே, உங்க ஊரு லொங்காங்கு ஆழம்லா. நானும் விழுந்துட்டுத்தான் வரேன்" என்றார்.

அப்பா திரும்பினார். "எங்க?"

"மில்லு வாசம் வருதுல்ல, அதுக்கு அப்புறம்."

"அங்கயா? அது எனக்குத் தெரியுமே. மொளகா நெடி வந்ததும் வலப்பக்கம் ஒதுங்கணும்." சொல்லிவிட்டு அப்பா எழுந்து உட்கார்ந்தார். அம்மா தேத்தண்ணி போட்டாள். இரண்டு பேரும் வெகுநேரம் கிள்ளான் லொங்காங்குகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், இரண்டு மீனவர்கள் கடலைப் பற்றிப் பேசுகிற தீவிரத்தோடு. மழை விட்டதும் கிளம்பி, மாமா விழுந்த இடத்தைப் பார்க்கப் போனார்கள். பார்க்கத்தான். என்னை வர வேண்டாம் என்றார்கள்.

பிறகு தெங்கு கிளானா சாலை முழுவதும் அவருக்கு மனப்பாடமாயிற்று. பூக்கடை, மசாலா மில், கேசட் கடை, ரொட்டிச் சானாய் மாவை அடிக்கிற சத்தம், தண்டாயுதபாணி கோயில் மணி. கடைக்காரர்களிடம் ஒவ்வொருவராகப் போய், "வாளிய தினமும் ஒரே எடத்துல வைங்க தம்பி" என்று கேட்டுக்கொண்டார். பெரும்பாலோர் வைத்தார்கள். பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்துப் பிரம்பு பின்னக் கற்றார். காப்பிக்கடை நாற்காலிகளுக்கு அடிப்பாகம் பின்னித் தருவார், பிளாஸ்டிக் நாற்காலி வந்து அந்தத் தொழிலைச் சாப்பிடும்வரை. கிள்ளான் ஆற்றுக்கு மேல் இரண்டு தட்டுப் பாலம் உண்டு, அப்போது மேலே வண்டிகள், கீழ்த்தட்டில் நடப்பவர்களும் சைக்கிளும். தலைக்கு மேல் பஸ் அதிர, கீழே ஆறு ஓட, அதைத் தனியாகக் கடந்து போய் அவர் முதல் ஆர்டரைக் கொடுத்துவிட்டு வந்தார். புரட்டாசிச் சனிக்கிழமையில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் கூட்டத்தில் மட்டும் என் முழங்கையைக் கேட்பார். அதற்குள் நானும் வளர்ந்துவிட்டேன். வளையல் திரும்பி வந்தது, இரண்டில் ஒன்று. சோர்ந்து படுத்த நாட்கள் பின்னாலும் உண்டு. அப்போதெல்லாம் அம்மா சமாதானம் சொல்வதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "வெளிய என்ன சத்தம், சொல்லுங்க" என்பாள். அப்பா எரிச்சலோடாவது பதில் சொல்லிவிடுவார்.

இப்போது பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியா. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து மலேசியப் பிரதமர் நஜிப்போடு சேர்ந்து திறந்து வைத்தார். நடைபாதையில் பார்வையற்றோருக்கான மேடு தட்டிய ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அவற்றை 1965இல் உருவாக்கியவர் செய்இச்சி மியாகே என்ற ஜப்பானியர். 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். நீளக்கோடு இருந்தால் போகலாம், புள்ளிகள் இருந்தால் நில், எதிரே சாலையோ படியோ இருக்கிறது. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மாமா வாயால் கேட்டதை ஓடே சொல்லிவிடுகிறது. அதன் மேல் மோட்டார்சைக்கிள் நிற்கிறது. ஒரு கடையின் விளம்பரப் பலகை நிற்கிறது. தீபாவளி நேரமென்றால் முறுக்கு டின் அடுக்கியிருக்கிறது.

யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், பிஃப்ரெண்டர்ஸின் எண் 03-7627 2929. அழைத்துப் பேசுங்கள், அதற்காக இப்போது போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸில் வெள்ளைத் தடியோடு ஒருவர் சாலையோரம் நின்றால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உதவி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள், வேண்டும் என்றால் உங்கள் முழங்கையைக் கொடுங்கள், படி எத்தனை என்று சரியாக எண்ணிச் சொல்லுங்கள். உங்கள் மோட்டார்சைக்கிளை அந்த ஓடுகளைவிட்டு இரண்டடி தள்ளி நிறுத்துங்கள்.